பிள்ளையை ஃபுட்சால் கிளப்பில் சேர்க்கும் முன்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை, கோவை, மதுரை என்று எங்கே பார்த்தாலும் செயற்கைப் புல் விரித்த டர்ஃப் முளைத்துவிட்டது. ஷாப்பிங் மாலின் மொட்டைமாடியில் ஒன்று, பழைய கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்கில் ஒன்று. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பச்சைக் கம்பளத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், வலைக்கு வெளியே பெற்றோர் நிற்கிறார்கள். கிளப், அகாடமி, அண்டர்-10, அண்டர்-13, கேஷ் பிரைஸ் டோர்னமெண்ட் என்று வாட்ஸ்அப்பில் போஸ்டர் வந்தபடியே இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே இருக்கின்றன.

டர்ஃபில் ஐந்து பேர் ஆடினால் அது ஃபுட்சால்தானே?

பெரும்பாலும் இல்லை. அது ஃபைவ்ஸ், ஐந்து பேர் ஆடும் சாதாரணக் கால்பந்து. போஸ்டரில் ஃபுட்சால் என்று போட்டிருப்பார்கள், ஆட்டம் வேறு.

ஃபுட்சால் 1930-இல் உருகுவேயின் மாண்டிவிடியோவில், ஒய்எம்சிஏ கூடைப்பந்துத் தளத்தில் பிறந்தது. ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் விதிகளை எழுதினார். பிறந்த இடத்தின் குணம் இன்றும் அதில் இருக்கிறது: கெட்டியான வழவழப்பான தரை, சுவரோ வலையோ இல்லாமல் கோடுதான் எல்லை, அதிகம் எம்பாத பந்து. ஃபிஃபா விதிப்படி களம் 25 முதல் 42 மீட்டர் நீளம், 16 முதல் 25 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பந்து கோட்டைத் தாண்டினால் காலால் கிக்-இன், அதையும் 4 விநாடிக்குள் எடுக்க வேண்டும். கீப்பரும் தன் பாதியில் 4 விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்க முடியாது. ஒரு பாதியில் அணி செய்யும் ஃபவுல்களை எண்ணுவார்கள். ஆறாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு, தடுக்க ஆட்கள் சுவராக நிற்காத ஃப்ரீ கிக், கோலிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருக்கும் புள்ளியிலிருந்து அடிக்கலாம். ஆஃப்சைடு கிடையாது. ஆட்கள் ஓடிக்கொண்டே மாறலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

டர்ஃபில் என்ன நடக்கிறது? பந்து பக்கவாட்டு வலையில் பட்டாலும் ஆட்டம் தொடர்கிறது. சாதாரணக் கால்பந்தைப் போடுகிறார்கள். ஃபவுல் கணக்கு இல்லை, 4 விநாடி இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது? பிள்ளை ஆடினால் போதாதா?

பொழுதுபோக்குக்கு என்றால் போதும். ஃபைவ்ஸும் நல்ல ஆட்டம்தான். ஆனால் 'ஃபுட்சால் ஆடினால் பந்துக் கட்டுப்பாடு வரும், பிரேசிலின் ரொனால்டினோவும் நெய்மாரும் இதில்தான் வளர்ந்தார்கள்' என்று சொல்லிப் பணம் வாங்கினால், அந்தப் பலனைத் தரும் விஷயங்கள் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எம்பாத பந்து தரையோடு ஒட்டுகிறது, அதனால் பாதத்தின் அடிப்பகுதியால் அதை நிறுத்தவும் இழுக்கவும் திருப்பவும் பிள்ளை பழகுகிறான். கோடு எல்லையாக இருப்பதால் பந்து வெளியே போனால் எதிரணிக்குப் போய்விடும், அதனால் ஓரத்தில் அடக்கி ஆடக் கற்றுக்கொள்கிறான். வலை இருந்தால் அந்தக் கவலையே இல்லை. வலையில் அடித்து மறுபக்கம் ஓடிப் பிடித்துக்கொள்வான். டர்ஃபில் சாமர்த்தியம், கோர்ட்டில் நேராக அவுட்.

பந்தைச் சோதிப்பது சுலபம். ஃபுட்சால் கோலின் மேல்கம்பி சரியாக 2 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் பந்தைக் கைவிட்டுப் பாருங்கள். முதல் துள்ளலில் 50 முதல் 65 சென்டிமீட்டர், அதாவது பெரியவர் முழங்காலிலிருந்து தொடைப் பாதி வரை வந்தால் ஃபுட்சால் பந்து. இடுப்பைத் தாண்டினால் சாதாரணப் பந்து. ஃபுட்சால் பந்து சைஸ் 4: சுற்றளவு 62–64 சென்டிமீட்டர், எடை 400–440 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கு சைஸ் 3 கிடைக்கிறது. கடையில் 'சைஸ் 4' என்று கேட்டால் துள்ளும் சாதாரண சைஸ் 4 கால்பந்தைக் கொடுத்துவிடுவார்கள். 'ஃபுட்சால், லோ பவுன்ஸ்' என்று சொல்லி வாங்குங்கள். அதைக் காற்று கம்மியான பந்து என்று நினைத்து கூடுதலாகப் பம்ப் அடிப்பது வீட்டில் நடக்கும் வழக்கமான தப்பு. பந்தின் வால்வருகே எழுதியிருக்கும் அளவோடு நிறுத்துங்கள்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

ஆடுவதற்கு ஐந்தாறு வயதே போதும். போட்டிக் கிளப்புக்கு ஒன்பது, பத்துக்கு முன் அவசரமில்லை. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அணி, பாயிண்ட் டேபிள், கோப்பை எல்லாம் வைப்பது பெற்றோருக்காகத்தான்.

டிரையல் கிளாஸில் எதைக் கவனிப்பது?

கோச் சத்தம் போடுகிறாரா, தரையில் வைக்கும் கோன் எத்தனை, ஜெர்சி பளபளக்கிறதா என்பதை விடுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உங்கள் பிள்ளையை மட்டும் பாருங்கள். வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தை அளந்துகொள்ளுங்கள். கூடவே எத்தனை முறை பந்தைத் தொட்டான் என்பதையும் விரலில் எண்ணுங்கள்.

பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு ஷாட் அடிக்கும் பயிற்சி பார்க்க ஒழுங்காக இருக்கும். ஒரு முறை அடித்துவிட்டு வரிசைக்குப் பின்னால் போனால் அடுத்த முறை வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் அவன் பந்தைத் தொடுவது பதினைந்து தடவைகூட இராது. அதே பன்னிரண்டு பேரை மூன்றுக்கு மூன்றாக இரண்டு சிறு ஆட்டங்களாகப் பிரித்துவிட்டால் அதே இருபது நிமிடத்தில் பல மடங்கு தொடுவான். அதோடு ஒவ்வொரு தொடுதலிலும் எதிராளி மேலே வருகிறான், முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கோன் எதிர்த்து வருவதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள்: பையன் பந்தை இழந்ததும் கோச் என்ன செய்கிறார்? 'அடி, அடிச்சு வெளியே தள்ளு' என்று கத்தினால் அங்கே ஃபுட்சால் கற்றுத்தரவில்லை. 'வாங்கறதுக்கு முன்னாடி யாரைப் பாத்தே?' என்று கேட்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். எட்டு, ஒன்பது வயதில் ஃபிக்சோ, ஆலா, பிவோட் என்று நிலைகளை ஆணியடித்து வைக்கக் கூடாது. பின்னால் நிற்பவனும் ஓரத்தில் நிற்பவனும் முன்னால் நிற்பவனும் மாறி மாறி வருவதுதான் இந்த ஆட்டத்தின் அழகு.

கோச்சுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

கேளுங்கள், தப்பில்லை. இந்தியாவில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொடக்க நிலை 'இ', அதற்கு மேல் 'டி', பிறகு ஆசியக் கூட்டமைப்பான ஏஎஃப்சியின் 'சி', 'பி', 'ஏ' என்று போகும். ஃபுட்சாலுக்கென்று ஏஎஃப்சி ஃபுட்சால் லெவல் 1 தனியாக உண்டு. 'சி' லைசென்ஸ் வைத்திருப்பவர் கால்பந்து தெரிந்தவர், அதனாலேயே ஃபுட்சால் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார். லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது, தினமும் உங்கள் பிள்ளையோடு நிற்பது யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். போஸ்டரில் ஒருவர், டர்ஃபில் கல்லூரி மாணவர் என்பது சகஜம். அந்த மாணவர் நன்றாகவே சொல்லித்தரலாம், ஆனால் நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பது தெரிய வேண்டும்.

மாதக் கட்டணம் சொல்கிறார்கள். அவ்வளவுதானா?

அது ஆரம்பம். அட்மிஷன், இரண்டு செட் ஜெர்சி, பேக், போட்டி நுழைவுக் கட்டணத்தில் பங்கு, வேன், வெளியூர் போனால் தங்கல், ஆண்டு விழா என்று ஒவ்வொன்றாக வரும். 'ஜூன் முதல் மார்ச் வரை என் பிள்ளைக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?' என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். பரீட்சை மாதத்தில் வராவிட்டால் கட்டணம் உண்டா, மழையில் ரத்தான வகுப்புக்கு ஈடு உண்டா, நடுவில் நின்றால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். கூரை இல்லாத டர்ஃபில் ஒரு காலாண்டுக்குப் பணம் கட்டிப் பாதி நாள் வீட்டில் இருக்க நேரும்.

எத்தனை டோர்னமெண்டுக்கு அனுப்புவது?

எண்ணிக்கையை விட, ஒவ்வொரு போட்டியிலும் உங்கள் பிள்ளை களத்தில் எத்தனை நிமிடம் நிற்பான் என்று கணக்குப் போடுங்கள். ஓர் உதாரணம்.

போஸ்டரில் '5+4' என்று இருக்கிறது: ஐந்து பேர் ஆட, நான்கு பேர் மாற்று, மொத்தம் ஒன்பது. நுழைவுக் கட்டணம் 4,500 ரூபாய் என்றால் தலைக்கு 500. பன்னிரண்டு அணிகள், மூன்று மூன்றாக நான்கு குரூப். அப்படியானால் உறுதியாகக் கிடைப்பது இரண்டு ஆட்டம். ஆட்டத்துக்கு 8 நிமிடம் வீதம் இரண்டு பாதி, 16 நிமிடம். கீப்பரை விட்டால் களத்தில் நான்கு பேர், 4 × 16 = 64 ஆள்-நிமிடம். எட்டுப் பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 8 நிமிடம், இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து 16 நிமிடம். இதுவும் கோச் நியாயமாக மாற்றினால்தான். பலமான நால்வரை 12 நிமிடமும் மற்ற நால்வரை 4 நிமிடமும் ஆடவைத்தால், இரண்டாவது செட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் 8 நிமிடம். காலை ஏழு மணிக்கு ரிப்போர்ட்டிங், ஒன்பதரைக்கு முதல் ஆட்டம், மதியம் வரை பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பு, 500 ரூபாய், பெட்ரோல் தனி.

இப்போது இதைப் பாருங்கள். பக்கத்து ஏரியா கிளப்போடு பேசி ஒரு டர்ஃபை இரண்டு மணி நேரம் எடுக்கிறீர்கள். மணிக்கு 1,200 என்று வைத்தால் 2,400 ரூபாய். இரண்டு கிளப்பிலும் பத்துப் பத்துப் பேர், தலைக்கு 120 ரூபாய். 25 நிமிடம் வீதம் நான்கு ஆட்டம், கீப்பரையும் மாற்றி மாற்றி நிறுத்தினால் ஆளுக்கு 50 நிமிட ஆட்டம். கோப்பை இல்லை, மெடல் இல்லை, இன்ஸ்டாகிராம் ரீல் இல்லை. பத்து வயதுப் பிள்ளை வளர்வது இங்கேதான்.

அதற்காகப் போட்டியே வேண்டாம் என்பதில்லை. தோல்வி, பதற்றம், தெரியாத எதிரணி எல்லாம் வேண்டியவைதான். இரண்டு மாதத்துக்கு ஒன்று போதும். தேர்ந்தெடுக்கும்போது நாக்அவுட்டை விட லீக், அதிலும் எல்லாரும் எல்லாரோடும் ஆடும் ஆறு அணி லீக் கிடைத்தால் நல்லது. மேலே சொன்ன அதே கணக்கில் ஐந்து ஆட்டம், 40 நிமிடம் கிடைக்கும்.

நுழைவுக் கட்டணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை: எந்தப் பந்து, கடிகாரம் நின்று ஓடுமா நிற்காமல் ஓடுமா, வயதுச் சான்று பார்ப்பார்களா, ரெஃப்ரி எத்தனை பேர், முதலுதவிக்கு ஆள் உண்டா. ஃபிஃபா ஆட்டத்தில் பாதிக்கு 20 நிமிடம், பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும். உள்ளூர்ப் போட்டிகளில் நிற்காது. அதனால்தான் ஒரு கோல் முன்னிலை வந்ததும் பந்தை வலைக்கு மேலே தூக்கி ரோட்டுக்கு அடிப்பதை ஒரு 'டாக்டிக்ஸ்' ஆகவே சொல்லித்தருகிறார்கள்.

என் பிள்ளை பெஞ்சிலேயே உட்காருகிறான். கோச்சிடம் பேசலாமா?

பேசலாம், ஆட்டம் முடிந்த சூட்டில் மட்டும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து, தனியாக, 'இவன் என்ன செய்தால் அதிக நேரம் ஆடுவான்?' என்று கேளுங்கள். 'பாஸ் வாங்கும்போது உடம்பைத் திறந்து நிற்கவில்லை' என்பது போலக் குறிப்பாகப் பதில் வந்தால் அந்தக் கோச் பிள்ளையைக் கவனித்திருக்கிறார். 'இன்னும் டெவலப் ஆகணும் சார்' என்று மட்டும் வந்தால் அவருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. அண்டர்-12 வரை ஆட்டத்தின் பாதி நேரமாவது எல்லாருக்கும் என்று எழுத்தில் வைத்திருக்கும் கிளப்புகளைத் தேடுங்கள். ஆட்களை வரம்பில்லாமல் மாற்றலாம் என்ற விதி உள்ள ஆட்டத்தில் ஒரு பிள்ளை நாள் முழுதும் உட்கார்ந்திருப்பதற்கு விதியைக் குறை சொல்ல முடியாது.

எட்டு வயதில் இவனைக் கீப்பர் ஆக்கிவிட்டார்கள்.

உயரமாக இருக்கிறானா? அல்லது ஓட்டம் கம்மியா? இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். பன்னிரண்டு வயது வரை எல்லாரும் சுழற்சியில் கீப்பர் நிற்பதே சரி. ஃபுட்சாலில் கீப்பர் காலாலும் ஆட வேண்டியவர். ஒரு முறை பந்தைக் கொடுத்துவிட்டால் எதிரணி தொடும் வரை தன் பாதியில் திரும்ப வாங்க முடியாது என்பதால் எப்போது கொடுப்பது, எங்கே போவது என்பதெல்லாம் யோசனை.

சிறுவர் போட்டிகளை ஜெயிக்க ஒரு குறுக்குவழி உண்டு: கை வலுவான கீப்பர் பந்தை நேராக எதிர்க் கோல் முன்னால் எறிவார், அங்கே நிற்கும் உயரமான பையன் தட்டிவிடுவான். கோப்பை வரும். நடுவில் நிற்கும் மூன்று பேர் தலைக்கு மேலே பந்து போவதை அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள்.

அண்டர்-13 ஆட்டத்தில் எதிரணிப் பையனுக்கு மீசை அரும்பியிருக்கிறது. என்ன செய்ய?

முதலில், மீசை ஓவர்ஏஜுக்குச் சான்று இல்லை. பருவம் சிலருக்குப் பதினொன்றில் வரும், சிலருக்குப் பதினைந்தில். ஜனவரி 1 கணக்கு என்றால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள், கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பது இதனால்தான். உங்கள் பிள்ளை நவம்பர், டிசம்பர் என்றால் பின்தங்குவதைத் திறமைக் குறைவாக எண்ண வேண்டாம்.

ஆனால் ஓவர்ஏஜ் மோசடியும் நிஜம். அகில இந்தியக் கூட்டமைப்பின் இளையோர் போட்டிகளில் இடது மணிக்கட்டு எக்ஸ்ரேயை வைத்து டிடபிள்யூ3 முறையில் எலும்பு வயது பார்ப்பார்கள், மேல் வயதுகளில் எம்ஆர்ஐ. தனியார் போட்டியில் அதெல்லாம் இராது, ஆதார் நகலோடு சரி. புகார் இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே அணி மேலாளர் மூலம், எழுத்தில். தோற்ற பிறகு கொடுக்கும் புகாரை யாரும் மதிப்பதில்லை. அந்தப் பையனைப் பார்த்து மட்டும் எதுவும் கத்தாதீர்கள். தப்பு இருந்தால் அது பெரியவர்கள் செய்தது.

சிஆர்எஸ்ஸில் பதிவு செய்கிறோம் என்று ஆவணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

சிஆர்எஸ் என்பது கூட்டமைப்பின் மையப் பதிவு முறை. அதிகாரபூர்வ இளையோர் லீக்குகளில் ஆட இது தேவை. பதிவானால் பிள்ளை அந்த சீசனுக்கு அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர், வேறு கிளப்புக்குப் போக நடைமுறை இருக்கிறது. ஆகவே கையெழுத்துக்கு முன் 'எந்த லீக்கில் ஆட வைக்கப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லாமல் பதிவு மட்டும் என்றால் பிள்ளையைக் கட்டிப்போடத்தான். அசல் பிறப்புச் சான்றிதழைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள், கிளப்பில் விட்டுவைக்க வேண்டாம்.

சர்டிஃபிகேட் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவுமா?

தனியார் டர்ஃப் போட்டியின் சான்றிதழ் உதவாது. எத்தனை கோப்பை என்றாலும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. ஆனால் எந்த விளையாட்டு, எந்த அமைப்பு நடத்திய போட்டி, எந்த நிலை என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பட்டியலிட்டிருப்பார்கள். பட்டியலில் இல்லாத அமைப்பின் தாள் வெறும் தாள்.

ஃபுட்சாலில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். உலக அளவிலேயே இந்த ஆட்டத்துக்கு இரண்டு தலைமைகள்: ஒரு பக்கம் ஃபிஃபா, இன்னொரு பக்கம் உலக ஃபுட்சால் சங்கமான ஏஎம்எஃப். இரண்டும் தனித்தனியாக உலகக் கோப்பை நடத்துகின்றன. கீழே நாடுகளிலும் அந்தப் பிளவு தொடர்கிறது. 2016 ஜூலையில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் தொடங்கிய பிரீமியர் ஃபுட்சால் என்ற தனியார் லீக் நினைவிருக்கும். போர்ச்சுகலின் லூயிஸ் ஃபிகோ முகமாக இருந்தார், ரொனால்டினோ வந்தார், சென்னை அணிக்கு பிரேசிலின் ஃபல்காவ் ஆடினார். அத்தனை பெரிய பெயர்கள் இருந்தும் அகில இந்தியக் கூட்டமைப்பு அந்தப் போட்டியை அங்கீகரிக்கவில்லை. கூட்டமைப்பு தானே நடத்தும் ஃபுட்சால் கிளப் சாம்பியன்ஷிப் 2021-இல்தான் தொடங்கியது, இந்திய ஆண்கள் அணி ஆசியத் தகுதிச் சுற்றில் முதன்முதலாக ஆடியது 2023-இல். அதனால் 'நேஷனல் ஃபுட்சால்' என்று முத்திரை குத்திய சான்றிதழைப் பார்த்தால், கையெழுத்துப் போட்டவர் எந்தத் தலைமையின் கீழ் வருகிறார் என்று முதலில் கேளுங்கள்.

கோட்டாதான் குறிக்கோள் என்றால் பள்ளிக் கால்பந்து அணி, மாவட்ட சங்கம், முதலமைச்சர் கோப்பையின் பள்ளி மாணவர் பிரிவு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு ஆகிய வழிகளைப் பாருங்கள். செலவும் குறைவு.

'ஸ்பெயின் டூருக்கு செலக்ட் ஆகியிருக்கிறார், மூன்று லட்சம்' என்கிறார்கள்.

அது தேர்வு இல்லை, சுற்றுலா. போகலாம், பிள்ளைக்கு இனிய அனுபவமாகவும் இருக்கும். ஆனால் பணம் கட்டினால் இடம் கிடைக்கிறதா, கட்டாவிட்டால் அடுத்தவனுக்குப் போகிறதா என்று பாருங்கள், புரிந்துவிடும். 'இந்திய அணி' என்று சொல்லி ஜெர்சிக்கும் விசாவுக்கும் பெற்றோரிடம் லட்சக் கணக்கில் பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

எந்த ஷூ வாங்குவது?

டர்ஃபுக்குச் சின்னச் சின்ன ரப்பர் புள்ளிகள் வைத்த டிஎஃப் வகை. மரத்தரைக்கும் சிமென்ட் கோர்ட்டுக்கும் தட்டையான, தடம் பதியாத ரப்பர் அடி. இயற்கைப் புல்லுக்கான, அடியில் நீள முளை (ஸ்டட்) வைத்த ஷூ இரண்டுக்கும் ஆகாது. கம்பளத்தில் ஸ்டட் பிடித்துக்கொள்ள, உடம்பு திரும்ப, பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழங்காலுக்குப் போகும். 'வளர்கிற பிள்ளை' என்று ஒரு சைஸ் பெரியதாக வாங்காதீர்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்தில் பாதி இடம் போதும். கணுக்காலுக்கு மேலே முன்காலைக் காக்கும் ஷின் கார்டு பயிற்சியிலும் போட வேண்டும்.

வெயில்?

செயற்கைப் புல் காற்றை விட வெகுவாகச் சுடும். ஏப்ரல், மே மதியங்களில் அதில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பிற்பகல் மூன்று மணி ஆட்டத்துக்கு அனுப்பும் அமைப்பாளருக்கு 'அந்த ஸ்லாட்டில் எங்கள் பிள்ளைகள் ஆடமாட்டார்கள்' என்று நான்கு பெற்றோர் சேர்ந்து சொன்னால் நேரம் மாறும். ஒரு லிட்டர் பாட்டில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சில மிடறு. நாள் முழுப் போட்டி என்றால் ஓஆர்எஸ்: பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. சின்னப் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் பயனில்லை, பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் ஆபத்து. நடுவில் இட்லி, வாழைப்பழம், மோர். பரோட்டா சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில்.

அடிபட்டால்?

தலையில் அடி, பிறகு தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு, வெளிச்சம் கூசுதல் என்று எது இருந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. 'ஓகேவா இருக்கேன்' என்று பிள்ளை சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

டர்ஃபில் உராய்ந்த காயத்தில் கறுப்பு ரப்பர்த் துகள் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி எடுத்த பிறகுதான் மருந்து. பத்து முதல் பதினைந்து வயதில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு மேடு தொட்டால் வலிப்பதும், அதற்குச் சற்று முன்பே குதிகால் வலி வருவதும் வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால். வாரத்துக்கு ஐந்து நாள் ஆட்டம், ஞாயிறு போட்டி என்று போகிற பிள்ளைகளுக்கு இது வழக்கம். ஸ்ப்ரே அடித்து ஆட வைக்காமல் நாட்களைக் குறையுங்கள்.

களத்துக்குள் போனதும் நீங்களே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: கோல்போஸ்ட்டைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடினால், பின்கம்பியில் மணல்மூட்டையோ தரைப் பூட்டோ இல்லை என்று அர்த்தம். இரும்புப் போஸ்ட் சாய்ந்து விழுந்து பிள்ளைகள் இறந்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கம்பியில் தொங்கும் பிள்ளையைத் திட்டுவதோடு நிற்காமல், கட்டாத போஸ்ட்டில் ஆட்டம் தொடங்காது என்று சொல்லுங்கள்.

பெண் பிள்ளையைச் சேர்க்கலாமா? பையன்களோடு ஆட வேண்டியிருக்குமே.

பதினொன்று, பன்னிரண்டு வரை சேர்ந்து ஆடுவதில் உடல் ரீதியாகப் பெரிய தடை இல்லை, பந்து கிடைக்கிறதா என்பதுதான் பிரச்சினை. சிறு ஆட்டத்தில் அவளுக்கு யாரும் பாஸ் கொடுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கோச் அதைக் கவனித்துத் திருத்துகிறாரா பாருங்கள். 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றது மதுரையின் சேது எஃப்சி. ஃபிஃபாவின் முதல் மகளிர் ஃபுட்சால் உலகக் கோப்பை 2025-இல் பிலிப்பைன்ஸில் நடந்தது.

பையனோ பெண்ணோ, பாதுகாப்பு விதிகள் ஒன்றே: உடை மாற்றத் தனி அறை, வெளியூர்ப் பயணத்தில் இரண்டு பெரியவர்கள், பெண்கள் அணியோடு ஒரு பெண் பொறுப்பாளர், கோச் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பாமல் பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும் அனுப்புவது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கிளப் வேண்டாம்.

வெளியிலிருந்து நாங்கள் சொல்லித்தரலாமா?

வேண்டாம். கோச் 'பிடி' என்பார், நீங்கள் 'அடி' என்பீர்கள், அவன் நின்றுவிடுவான்.

ஃபுட்சாலா, பதினொரு பேர் கால்பந்தா? எதைத் தொடர்வது?

பன்னிரண்டு வரை தேர்வு செய்ய அவசியமில்லை. அதற்குப் பிறகு பெரிய மைதானம் தேவைப்படும். நீளப் பாஸ், தலையால் முட்டுவது, ஆஃப்சைடு, நாற்பது மீட்டர் ஓடித் திரும்புவது எதையும் ஃபுட்சால் கற்றுத்தராது. வாரத்தில் இரண்டு நாள் மைதானம், ஒரு நாள் ஃபுட்சால் என்பது நல்ல கலவை. அதற்கு விலை உயர்ந்த டர்ஃப்கூட வேண்டியதில்லை. அனுமதி கிடைத்தால் பள்ளியின் சிமென்ட் கூடைப்பந்துத் தளம் போதும்: 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஃபிஃபா அளவுக்கு அகலம் ஒரு மீட்டர்தான் குறை. லோ பவுன்ஸ் பந்து ஒன்று, நான்கு செருப்பு கோலுக்கு.

கிளப்பை மாற்ற வேண்டும் போலிருக்கிறது. எப்போது?

சீசன் முடிந்த பிறகு, கோடை விடுமுறையில். பாக்கி இருந்தால் தீர்த்துவிட்டு, பதிவிலிருந்து விடுவித்ததை எழுத்தில் வாங்கிக்கொண்டு. கிளப் தோற்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள். பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது, அது வாரக்கணக்கில் தொடர்கிறது என்றால் சீசன் முடியக் காத்திருக்க வேண்டாம்.